ஒற்றை ஆள் அணி

1932 ஜூலை 16. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எவன்ஸ்டன் என்ற ஊர். பெண்களுக்கான தேசியத் தடகளப் போட்டி அங்கே நடக்கிறது. அந்த வருட ஒலிம்பிக்குக்கு ஆள் எடுப்பதும் அதே போட்டியில்தான். ஒவ்வொரு அணியாகப் பெயர் சொல்லி மைதானத்துக்குள் அழைக்கிறார்கள். இல்லினாய் பெண்கள் தடகளக் கழகம் என்றதும் 22 பேர் ஓடி வருகிறார்கள். டல்லாஸ் எம்ப்ளாயர்ஸ் கேஷுவல்டி கம்பெனி என்றதும் ஒரே ஒரு பெண் வருகிறார். அந்தக் கம்பெனியின் மொத்த அணியே அவர்தான்.

சுமார் மூன்று மணி நேரத்துக்குள் அவர் எட்டுப் போட்டிகளில் இறங்கினார். குண்டு எறிதல், ஈட்டி எறிதல், பேஸ்பால் எறிதல், நீளம் தாண்டுதல், 80 மீட்டர் தடை ஓட்டம் என ஐந்தில் தனியாக முதலிடம். உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலி என்பவருடன் சேர்ந்து முதலிடம். வட்டு எறிதலில் நான்காமிடம். கடைசியில் புள்ளிகளைக் கூட்டினால் அந்த ஒற்றை ஆளுக்கு 30. இரண்டாவதாக வந்த இல்லினாய் அணிக்கு 22. அதாவது தலைக்கு ஒரு புள்ளி.

மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். யாராவது ஒரு கதையைச் சொன்னால், ‘சரி, லாக் எங்கே?’ என்று கேட்கத் தோன்றும். மில்ட்ரட் எல்லா டிட்ரிக்ஸனைப் பற்றி, அதாவது உலகம் ‘பேப்’ என்று அழைத்தவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் வந்ததும் இந்தச் சந்தேகம்தான். ஏனென்றால் அம்மணி லேசுப்பட்டவரில்லை. தன்னைப் பற்றிய கதைகளை அவரே பாதி செய்தார். சின்ன வயதில் பேஸ்பாலை மைதானத்துக்கு வெளியே விரட்டியதால், பேப் ரூத்தின் பெயரைச் சேர்த்துப் பையன்கள் தன்னை ‘பேப்’ என்றார்கள் என்பார். வீட்டில் அம்மா செல்லமாகக் கூப்பிட்ட பெயர்தான் அது என்று சொல்பவர்களும் உண்டு. பிறந்தது 1911இல். சுயசரிதையில் அதை 1914 ஆக்கிக்கொண்டார். கோல்ஃபில் வரிசையாக 17 போட்டிகளை வென்றதாகச் சொல்லிக்கொண்டார். பின்னால் எண்ணிப் பார்த்தவர்கள் நடுவே ஒரு தோல்வி ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். நீங்கள் விளையாடாத விளையாட்டு ஏதாவது உண்டா என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, ‘பொம்மை விளையாட்டு’ என்றாராம்.

ஆனால் எவன்ஸ்டன் புள்ளிப்பட்டியல் பொய்யில்லை. லாக் பத்திரமாக இருக்கிறது. எனக்குப் புரியாமல் இருந்தது வேறொன்று. இவ்வளவு சாதித்தவருக்குக் கூடவே இத்தனை கதைகளும் எதற்குத் தேவைப்பட்டன? அதற்கு விடை தேடப் போனால் விளையாட்டைத் தாண்டிக் காசு, சாதிப்பெருமை மாதிரியான ஒரு வர்க்கப் பெருமை, பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற விசாரணை என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

*

பேப்பின் பெற்றோர் நார்வேயிலிருந்து டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தவர்கள். அப்பா தச்சர். ஏழு குழந்தைகளில் பேப் ஆறாவது. போர்ட் ஆர்தரில் பிறந்து, 1915இல் அடித்த புயலுக்குப் பிறகு குடும்பத்தோடு பக்கத்திலிருந்த போமான்ட் என்ற எண்ணெய் நகரத்துக்கு வந்தார். காசுக்கு எப்போதும் இழுபறிதான். பள்ளியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவரை 1930இல் டல்லாஸிலிருந்து வந்த மெக்கோம்ப்ஸ் என்பவர் பார்த்தார். எம்ப்ளாயர்ஸ் கேஷுவல்டி என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெண்கள் அணியை நடத்தியவர் அவர். மாதம் 75 டாலர் சம்பளத்தில் பேப்பை வேலைக்கு எடுத்தார். ஆவணத்தில் அது ஆபீஸ் வேலை. உண்மையில் கூடைப்பந்து ஆடத்தான் சம்பளம்.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரயில்வேயிலும் வங்கிகளிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போகிறவர்களை நமக்குத் தெரியும். அன்றைய அமெரிக்காவில் இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ‘அமெச்சூர்’ விதி. விளையாடுவதற்காக ஒருவர் காசு வாங்கிவிட்டால் ஒலிம்பிக்கிலோ தேசியப் போட்டிகளிலோ கலந்துகொள்ள முடியாது. 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், அதற்கு முன் சில்லறைக் காசுக்குப் பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்று தெரிந்ததும் அடுத்த வருடமே பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

விளையாட்டின் தூய்மையைக் காப்பதற்காக என்று சொல்லப்பட்ட விதி இது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காசு வாங்காமல் வருடம் முழுக்கப் பயிற்சி செய்ய யாரால் முடியும்? சாப்பாட்டுக்குக் கவலை இல்லாதவரால் முடியும். இன்றைக்குச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை நீட்டி, ‘காசு கிடைக்காது, ஆனால் நல்ல எக்ஸ்போஷர்’ என்கிறார்களே, அதே தர்க்கம்தான். வீட்டில் அப்பா வாடகை கட்டும் பிள்ளைக்கு அது வாய்ப்பு. மற்றவனுக்கு மூடிய கதவு. தச்சர் வீட்டுப் பெண் அந்தக் கதவில் வாழ்நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருந்தார்.

*

எவன்ஸ்டன் முடிந்து இரண்டு வாரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். அந்த வருடம் பெண்களுக்கு இருந்ததே ஆறு தடகளப் போட்டிகள். அதிலும் தனிநபர் பிரிவில் ஒரு பெண் மூன்றில்தான் கலந்துகொள்ளலாம். பேப் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். ஈட்டியை 43.69 மீட்டர் எறிந்து தங்கம். 80 மீட்டர் தடை ஓட்டத்தில் 11.7 நொடி, உலகச் சாதனை, தங்கம். பக்கத்தில் ஓடிய ஈவ்லின் ஹாலுக்கும் அதே 11.7தான். நடுவர்கள் பேப் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

மூன்றாவதான உயரம் தாண்டுதலில் தீர்ப்பு திரும்பியது. பேப்பும் ஜீன் ஷைலியும் ஒரே உயரம் தாண்டி நின்றார்கள். முடிவு தெரிய மறுபடியும் தாண்டச் சொன்னார்கள். அதில் பேப்பின் தலை உடம்புக்கு முன்னால் குச்சியைக் கடந்துவிட்டது, அது ‘டைவ்’, விதிக்குப் புறம்பு என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று முழுக்க அப்படித்தான் தாண்டினேன், அப்போதெல்லாம் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று பேப் கேட்டார். பலனில்லை. வெள்ளிதான். 1968இல் டிக் ஃபாஸ்பரி முதுகைக் காட்டித் தலையை முன்னால் விட்டுத் தாண்டித் தங்கம் வென்றார். இன்றைக்கு உயரம் தாண்டும் எல்லோருக்கும் தலைதான் முதலில் போகிறது.

ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டம், எறிதல், தாண்டுதல் மூன்றிலும் தனிநபர் பதக்கம் வென்றவர் என்று பார்த்தால், ஆண் பெண் இருபாலரிலும் இன்றுவரை பேப் ஒருவர்தான்.

இவ்வளவு ஆன பிறகு என்ன கிடைத்தது? அதே வருடம் டிசம்பரில் ஒரு டாட்ஜ் கார் விளம்பரத்தில் அவர் பெயரும் படமும் வந்தன. அமெச்சூர் தடகள யூனியன் அவரைத் தடை செய்தது. விளம்பரத்துக்கு நான் அனுமதி தரவில்லை என்று அவர் மறுத்தார். பிறகு தடையை நீக்கினார்கள். அதற்குள் பேப்புக்கு அலுத்துவிட்டது. போங்கடா என்று தொழில்முறைக்கு மாறிவிட்டார்.

ஆனால் பெண்களுக்குத் ‘தொழில்முறைத் தடகளம்’ என்று ஒன்று அப்போது கிடையவே கிடையாது. ஆகவே அவர் கிடைத்ததையெல்லாம் செய்தார். சிகாகோ மேடையில் மௌத் ஆர்கன் வாசித்தார், பாடினார், டிரெட்மில்லில் ஓடிக் காட்டினார். தன் பெயரில் ஒரு கூடைப்பந்து அணியோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1934இல் பெரிய லீக் பேஸ்பால் அணிகளின் பயிற்சி ஆட்டங்களில் ஆண்களுக்குப் பந்து வீசினார். அப்புறம் ‘ஹவுஸ் ஆஃப் டேவிட்’ என்ற அணியோடு பயணம். ஒரு மத சமூகத்தின் அணி அது, ஆட்டக்காரர்கள் நீளமாகத் தாடி வளர்த்திருப்பார்கள். அந்தத் தாடிக்காரர்களுக்கு நடுவே ஒலிம்பிக் சாம்பியன் ஓரிரண்டு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போவார். கூட்டம் கைதட்டும். காசு வீட்டுக்குப் போகும்.

அந்தக் கதைகளெல்லாம் எதற்கு என்ற என் கேள்விக்கு இங்கேதான் ஒரு பதில் கிடைத்தது. சங்கமும் லீக்கும் சம்பளப் பட்டியலும் இருக்கிற ஓர் ஆண் வீரர் ஆடினால் போதும். இவர் தன்னை விற்க வேண்டியிருந்தது. வயதைக் குறைத்தது, பெயருக்குக் கதை சொன்னது, போட்டிக்கு முன்னால் சக வீராங்கனைகளிடம் போய் ‘இரண்டாவது இடம் யாருக்கு?’ என்று கேட்டது எல்லாமே ஒருவகையில் கடை விரிப்பதுதான். அந்தக் கடைக்கு முதலாளியும் சரக்கும் அவரேதான்.

*

இன்னொரு விசாரணை கூடவே நடந்துகொண்டிருந்தது. பேப் குட்டையாக முடி வெட்டிக்கொண்டவர். பவுடர் பூசாதவர். வெடுக்கென்று பேசுபவர். பத்திரிகைகளுக்கு இது பொறுக்கவில்லை. நியூயார்க்கில் ஜோ வில்லியம்ஸ் என்ற பத்தியாளர், இந்தமாதிரிப் பெண்கள் அலங்காரம் செய்துகொண்டு வீட்டில் ஃபோன் மணிக்காகக் காத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினார். பால் காலிகோ என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், ஆண்களைப் பிடிக்கும் ஆட்டத்தில் மற்ற பெண்களோடு போட்டி போட முடியாததால்தான் பேப் விளையாட்டுக்கு வந்தார் என்கிற ரீதியில் எழுதினார். இவள் பெண்தானா என்று ஜாடையாகவும் நேரடியாகவும் கேட்டார்கள்.

இந்தக் கேள்வி பேப்போடு முடியவில்லை. எழுத்தில் இருந்த சந்தேகம் 1960களில் மருத்துவப் பரிசோதனையாக மாறி விளையாட்டின் விதிப்புத்தகத்துக்குள் நுழைந்தது. அதன் ஒரு முனை புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளையில் உழைத்த பெற்றோரின் மகள், பாலினப் பரிசோதனையில் பதக்கத்தை இழந்தார். பேப்பின் காலத்துப் பத்திரிகைக் கிண்டலையும் இதையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் வேர் ஒன்றுதான். நன்றாக ஓடும் பெண்ணைப் பார்த்தால் முதலில் எழும் கேள்வி அவள் எப்படி ஓடினாள் என்பதாக இல்லை.

*

கோல்ஃபுக்கு வந்ததும் பேப் இன்னும் பெரிய சுவரில் மோதினார். கோல்ஃப் கிளப்புகள் பணக்காரர்களின் முற்றம். 1935இல் டெக்சஸ் மாநிலப் பெண்கள் அமெச்சூர் போட்டிக்கு அவர் பெயர் கொடுத்தபோது, லாரி டிரைவர் மகள்களெல்லாம் நமக்கு எதற்கு என்று ஒரு சீமாட்டி சொன்னதாகக் கதை உண்டு. கை கிழிந்து ரத்தம் வரும்வரை பந்தடித்துப் பழகியிருந்த பேப் அந்தப் போட்டியை வென்றார். சில வாரங்களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அறிவித்தது: மற்ற விளையாட்டுகளில் காசு வாங்கியவர், எனவே இவர் அமெச்சூர் இல்லை. பெண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளோ அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அமெச்சூராக ஆட அனுமதி இல்லை, தொழில்முறையில் ஆட இடம் இல்லை.

1938 ஜனவரியில் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பன் என்ற ஆண்கள் போட்டியில் இறங்கினார். 81, 84 என்று அடித்து முதல் கட்டத்திலேயே வெளியேறினார். அதே ஆட்டத்தில் அவரோடு ஜோடி சேர்க்கப்பட்டவர் ஜார்ஜ் ஸஹாரியஸ் என்ற மல்யுத்த வீரர். அதே வருடம் டிசம்பரில் இருவருக்கும் கல்யாணம். பேப் தலைமுடியை அலை அலையாகச் சுருட்டிக்கொண்டார், உதட்டுச்சாயம் பூசினார், கவுன் அணிந்தார், சமையல் பற்றிப் பேட்டி கொடுத்தார். ‘கடைசியில் பெண்ணாகிவிட்டார்’ என்று பத்திரிகைகள் மகிழ்ந்தன. தையலில் அவர் முன்பே கெட்டிக்காரர், தான் தைத்த உடைக்கு இளம்வயதிலேயே பரிசு வாங்கியவர். அதைக் கவனிக்கத்தான் அதுவரை யாருக்கும் நேரமில்லை.

கணவர் சம்பாதித்ததால் பேப்பால் காத்திருக்க முடிந்தது. காசு வாங்காமல் மூன்று வருடம் இருந்து, 1943இல் அமெச்சூர் தகுதியை மீட்டார். விதியின் அசல் முகம் இங்கே தெரிகிறது. அவர் ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை. வீட்டில் பணம் வந்திருந்தது, அவ்வளவுதான். 1945இல் ஆண்களின் போட்டிகளில் மறுபடி ஆடி, இந்தமுறை தகுதிச் சுற்றுகளைத் தாண்டினார். 1946இல் அமெரிக்க அமெச்சூர் பட்டம். 1947இல் ஸ்காட்லாந்தின் கல்லனில் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டம். 1893இல் தொடங்கிய அந்தப் போட்டியை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான்.

அதற்கு மேல் அவர் வேறொன்று செய்தார். 1950இல் பேட்டி பெர்க் உள்ளிட்ட பதின்மூன்று பெண்கள் சேர்ந்து எல்.பி.ஜி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கத்தை உருவாக்கினார்கள். பேப் அவர்களில் ஒருவர். கூட்டத்தை இழுத்தது அவர் பெயர். சக ஆட்டக்காரர்கள் பலருக்கு அவரைப் பிடிக்காது. தற்பெருமைக்காரி, விதியை வளைப்பவள் என்பார்கள். ஆனாலும் அவர் ஆடினால்தான் டிக்கெட் விற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவன்ஸ்டனில் தனி ஆளாக வந்தவர் பதினெட்டு வருடம் கழித்து ஓர் அணியைக் கட்டுவதில் பங்கெடுத்தார். பின்னால் வந்த பெண்கள் கோல்ஃப் ஆடிப் பிழைக்க மௌத் ஆர்கன் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

*

இந்த இடத்தில் கட்டுரையை உச்சியில் நிறுத்திவிடலாம். ஆனால் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போன ரயிலில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது.

அந்த அமெரிக்க அணியில் டைடி பிக்கெட், லூயிஸ் ஸ்டோக்ஸ் என்று இரண்டு கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள். ஒலிம்பிக் அணிக்குத் தேர்வான முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் அவர்கள். டென்வரில் தங்கியபோது மற்றவர்களோடு உட்கார்ந்து விருந்து சாப்பிட அவர்களை அனுமதிக்கவில்லை. ரயிலில் தூங்கிக்கொண்டிருந்த தன் மேல் பேப் ஒரு குடுவை ஐஸ் தண்ணீரைக் கொட்டினார் என்று பிக்கெட் பல வருடங்களுக்குப் பிறகு சொன்னார். லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்ததும் தொடர் ஓட்ட அணியிலிருந்து இருவரையும் விலக்கி, வெள்ளைக்காரப் பெண்களைச் சேர்த்தார்கள். அந்த அணி தங்கம் வாங்கியது. இவர்கள் பார்வையாளர் வரிசையில் இருந்தார்கள்.

இதை ‘அந்தக் காலம் அப்படி’ என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. லாரி டிரைவர் மகள் என்று தன்னை ஒதுக்கியவர்களை மன்னிக்காத அதே பெண்தான் அந்தக் குடுவையைத் தூக்கினார். தன்னை அடைத்த கதவைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். அதைவிடப் பெரிய கதவுக்கு வெளியே இரண்டு பேர் நிற்பது அவருக்கு விளையாட்டாகத் தெரிந்திருக்கிறது. ஒடுக்கப்பட்ட அனுபவம் தானாகவே ஒருவரை நல்லவராக்கும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். வரலாறு அதற்கு ஒத்துழைப்பதில்லை. நம் ஊரின் சாதிப் படிக்கட்டைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதும் இல்லை.

பிக்கெட் விடவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 80 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். அரையிறுதியில் தடையில் இடித்துக் கால் எலும்பு முறிந்தது. பின்னால் ஆசிரியராகி, ஒரு பள்ளியின் முதல்வராக இருந்தார். பேப் வென்ற அதே 80 மீட்டர்தான் அது.

*

1953 ஏப்ரலில் பேப்புக்குக் குடலில் புற்றுநோய் என்று போமான்டில் அறுவை சிகிச்சை செய்தார்கள். மலம் வெளியேற வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தினார்கள். நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருந்தது மருத்துவர்களுக்குத் தெரியும். கணவருக்கும் பெட்டி டாட் என்ற தோழிக்கும் தெரியும். பேப்பிடம் சொல்லவில்லை. நோயாளியிடம் மறைப்பது அன்று வழக்கம். நம் வீடுகளில் இன்றும் வழக்கம்.

பெட்டி டாட் யார்? பேப்பைவிட இருபது வயது இளைய கோல்ஃப் வீராங்கனை. 1950களின் தொடக்கத்திலிருந்து பேப்பின் வீட்டிலேயே வாழ்ந்தவர். இவர் கிடார், அவர் மௌத் ஆர்கன் என்று சேர்ந்து இசைத்தட்டுகூடப் பதிவு செய்தார்கள். அறுவைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே தங்கிப் பை மாற்றியது முதல் எல்லாம் செய்தவர். வாழ்க்கை வரலாறு எழுதிய சூசன் கேலெஃப், பேப்பின் கடைசி ஆண்டுகளில் மிக நெருக்கமான உறவு இதுதான் என்கிறார். சுயசரிதையில் பெட்டி ஒரு நல்ல தோழி, அவ்வளவே. எதையும் ஊதிப் பெரிதாக்கிச் சொன்ன பேப், இதை மட்டும் சுருக்கிச் சொன்னார். பெண்தானா என்று இருபது வருடம் கேட்கப்பட்டவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

அறுவை முடிந்த நாலாவது மாதம் மறுபடி போட்டிக்கு வந்தார். 1954 ஜூலையில் மாசசூசெட்ஸில் நடந்த அமெரிக்கப் பெண்கள் ஓப்பனில் வயிற்றில் அந்தப் பையோடு ஆடினார். கடைசி நாளில் 36 குழிகள். 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டம் வென்றார். புற்றுநோய் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலத்தில் அவர் தன் நோயைப் பற்றி மேடைகளில் பேசினார், நிதி திரட்டினார். வாழ்நாள் முழுக்கத் தன்னை விற்கப் பயன்படுத்திய அதே உரத்த குரலை இந்தமுறை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்.

1955இல் நோய் முதுகெலும்பின் அடிப்பகுதிக்குப் போனது. 1956 செப்டம்பர் 27 அன்று கால்வஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 45. அறையின் மூலையில் அவருடைய கோல்ஃப் மட்டைகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவர்தான் வைக்கச் சொல்லியிருந்தார்.